இந்த முகவரியில் எத்தனை பேர்

1

விதி தெளிவாகவே இருக்கிறது. கையேட்டின் பதினோராம் பக்கம், மூன்றாம் பத்தி. அணுமின் நிலையத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீற்றருக்குள் வசிப்பவர்களில், பிறர் உதவியின்றி வீட்டை விட்டு வெளியேற முடியாத எவரும் அவசரகாலப் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோரலாம். கோரிக்கை கிடைத்த முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் அனுப்பப்படும்.

‘அனுப்பப்படும்’ என்று முடியும் விதிகளை முப்பத்துநான்கு வருடம் நானும் எழுதியிருக்கிறேன். யார் அனுப்புவார் என்று சொல்லாமல் தப்பிப்பதற்கு அதைவிட வசதியான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இலங்கையில், மாத்தளையில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் பதற வேண்டாம். இங்கே எதுவும் வெடிக்கவில்லை. கனடாவில் ஓர் ஏரிக்கரை நகரத்தில், மகள் கோகிலாவின் வீட்டு நிலக்கீழ்த் தளத்தில், நானும் என் மனைவி பரமேஸ்வரியும் ஐந்து வருடமாக இருக்கிறோம். இங்கிருந்து ஆறு கிலோமீற்றரில் அணுமின் நிலையம். ஏரிக்கரையில் நடக்கப் போனால் அதன் வெள்ளைக் கூரைகள் குப்புறக் கவிழ்த்த கோப்பைகள் போல வரிசையாகத் தெரியும். அதற்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள். ஆட்கள் மடக்கு நாற்காலி போட்டு மீன் பிடிக்கிறார்கள். கோப்பைகளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் மட்டும்தான் பார்க்கிறேன். தொழில் பழக்கம்.

வந்த முதல் வருடமே தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே அயடின் மாத்திரைகளும் ஒரு கையேடும் இருந்தன. விபத்து நேர்ந்து கதிரியக்க அயடின் காற்றில் கலந்தால் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அதை உறிஞ்சிக்கொள்ளுமாம். அதற்கு முன்பே நல்ல அயடினால் அதை நிரப்பிவிட்டால் கெட்டதற்கு இடமில்லாமல் போகுமாம். அறிவித்தல் வந்தால் மட்டுமே விழுங்க வேண்டும். கேட்காமலே ஓர் அரசாங்கம் வீட்டுக்கு மாத்திரை அனுப்பியதை என் சேவைக்காலத்தில் கண்டதில்லை. மரியாதையோடு கையேட்டை முழுவதும் வாசித்து, முக்கியமான இடங்களில் சிவப்புப் பேனாவால் கோடிட்டேன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாத்தளையில் பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன் நான். கடைசி ஒன்பது வருடம் என் மேசைக்கு வந்தது மண்சரிவு. எந்தச் சரிவில் எத்தனை வீடு, மழை எவ்வளவு பெய்தால் யாரை எங்கே கொண்டுபோவது, பார்சல் சோறு யார் பொறுப்பு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே இந்தக் கையேட்டை நடைமுறைப்படுத்த இந்தத் தெருவில் என்னைவிடத் தகுதியானவர் இல்லை என்று நம்பியிருந்தேன்.

2

இந்த வருடம் வசந்தத்தில் ஒரு வேலை நாள், காலை பத்து மணி. கோகிலா முதியோர் பராமரிப்பு இல்லத்து வேலைக்குப் போயிருந்தாள். மருமகன் தயாபரன் களஞ்சிய வேலையில். பேத்தி பள்ளிக்கூடத்தில். நான் பரமுவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தப்பியது. முப்பது வருடம் ஊரில் நாலந்தாப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த பேச்சு, எளிதில் விழாது.

சந்திக் கம்பத்தில் சைரன் ஒலித்தது.

கையேடு, நான்காம் பக்கம். வீட்டுக்குள் போங்கள். கதவுகளையும் ஜன்னல்களையும் மூடுங்கள். வானொலியைக் கேளுங்கள். இதற்கும் நான் சிவப்புக் கோடு போட்டிருந்தேன். ஆனால் சைரன் கேட்டதும் எழுந்தவன் கையேட்டை வாசித்தவன் அல்ல. ஒன்பது வருடம் மலையடிவாரச் சனத்துக்கு ‘வீட்டை விட்டு வெளியே வாருங்கள், மேட்டுக்குப் போங்கள்’ என்று ஒலிபெருக்கியில் கத்தியவன். கதவை அகலத் திறந்தேன். மண் இறங்குகிற சத்தம் கேட்க வேண்டும் என்று ஜன்னலையும் திறந்தேன். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பென்ஷன் கடிதம் எல்லாம் இருந்த பொலித்தீன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். பரமுவைச் சக்கர நாற்காலியில் படியடி வரை தள்ளிப்போய், அங்கிருந்து அணைத்துத் தூக்கினேன்.

“எங்கங்க போறோம்?” என்றாள்.

“மேட்டுக்கு.”

“இந்த ஊர்ல மேடு எங்கங்க இருக்கு?”

நிலக்கீழ்த் தளத்திலிருந்து தெருவுக்குப் பதின்மூன்று படிகள். மூன்றாவது படியில் என் முழங்கால் மடங்கியது. அவளை அந்தப் படியிலேயே உட்காரவைத்து, சரிந்து விழாதபடி கீழ்ப்படியில் நின்று இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். மேலே தூக்கவும் முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை. தொலைபேசி உள்ளே மேசையில் கிடந்தது. சைரன் மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டது. திறந்த கதவால் ஏரிக் காற்று வந்துகொண்டிருந்தது.

“பதின்மூணுல மூணு முடிஞ்சிருச்சு,” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “மீதி பத்து. இதே வேகத்துல போனா நாளைக்கு ரோட்டுக்குப் போயிரலாம்.”

ஒன்றே முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தோம். தெருவில் கார்கள் போயின. நாயோடு யாரோ நடந்துபோகும் சத்தம் கேட்டது. கூப்பிடலாமா என்று யோசித்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஐந்து வருடத்தில் அந்தத் தெருவில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. கோகிலா மதிய இடைவேளையில் வந்தபோது அம்மாவின் உதடு குளிரில் நீலமாகியிருந்தது.

“டெஸ்டுப்பா அது. வருஷா வருஷம் அடிக்கிறாங்க. போன கெழமையே மெயில் போட்டிருந்தாங்களே,” என்றாள்.

மெயில் மருமகனுக்கு வந்திருந்தது. வீட்டுக்காரருக்கு அறிவித்தால் வீட்டுக்கு அறிவித்ததாகும். நானும் அப்படித்தான் சுற்றறிக்கை எழுதியிருக்கிறேன்.

படுக்கையில் போர்த்திப் படுக்கவைத்த பிறகு பரமு சொன்னாள். “அடுத்த தடவ ஜன்னல மூடிட்டு பக்கத்துல உக்காருங்க. அது போதும்.”

போதாது. ஐந்தாம் பக்கத்தில் அடுத்த கட்டமும் இருக்கிறது. உள்ளே இருப்பது பாதுகாப்பில்லை என்று தோன்றினால் முழுப் பகுதியையும் வாகனங்களில் வெளியேறச் சொல்வார்கள். எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. மகளும் மருமகனும் வேலையில் இருந்தால், வீதிகளை மூடிவிட்டால், அந்தப் படியில் யார் வந்து அவளைத் தூக்குவது? அதற்காகத்தான் பதினோராம் பக்கம். பதிவேட்டில் பெயர் இருந்தால் தூக்குப்படுக்கையோடு வாகனம் வரும். எந்த அறைக்கு வர வேண்டும் என்பதும் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

3

பட்டியல்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

மாத்தளை மலையில், ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்ததால் அந்த லயம் முழுவதும் சிவப்பு வலயம். வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தேன். குடும்பத் தலைவர் பெயர், அங்கத்தவர் எண்ணிக்கை, உதவி தேவைப்படுவோர். ஒரு வீட்டில் ரஞ்சிதம் என்ற கொழுந்து பறிக்கும் பெண் ஐந்து பேர் என்றாள். ஆறாவது ஆள் இருப்பது எனக்குத் தெரிந்தது. லயத்துக்குப் பின்புறம், சரிவை ஒட்டித் தகரம் அடித்து ஒற்றை அறையாக ஒரு காம்பரா இறக்கியிருந்தார்கள். அதன் வாசலில் நடக்க முடியாத ஒரு பெண் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ரஞ்சிதத்தின் புருஷனுக்கு அக்கா.

“அவங்க யாரு?” என்றேன்.

“சும்மா வந்திருக்காங்க சார். போயிருவாங்க.”

அனுமதி இல்லாமல் காம்பரா இறக்கினால் தோட்ட ஆபீஸ் உடைத்துவிடும். அரசாங்கப் பட்டியலில் ஆறு பேர் என்று எழுதினால் ஆறாவது ஆள் எங்கே படுக்கிறாள் என்று கேள்வி வரும். இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நான் வாக்குமூலம் பதிகிறவன். சொன்னதைத்தான் எழுத வேண்டும். ஐந்து என்று எழுதினேன். பெயர் தந்தால்தானே காப்பாற்றலாம் என்று ஒரு சிறிய விரிவுரையும் நடத்தினேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறு வருடம் மழை பிடித்தது. சிவப்பு எச்சரிக்கை வந்ததும் எல்லோரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கினோம். பட்டியலைக் கையில் வைத்துத் தலைகளை எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை. ‘அனைவரும் வெளியேற்றப்பட்டனர்’ என்று அறிக்கை எழுதிக் கையொப்பம் வைத்தேன். என் சேவையில் மிகச் சுத்தமான அறிக்கை அது.

மத்தியானம் சோற்றுப் பார்சல் கொடுக்கும்போது ரஞ்சிதம் மேசைக்கு வந்தாள்.

“சார், ஒரு பார்சல் கூடக் கெடைக்குங்களா?”

“அஞ்சு பேருக்கு அஞ்சு,” என்றேன். பட்டியலை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அவள் தன் பங்குப் பார்சலைப் பிரிக்காமல் மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணிக்குள் வைத்துக்கொண்டு மழையில் மேலே ஏறிப் போனாள். மலையை நோக்கிப் போகிறாள் என்று என்னுடன் இருந்த கிராம சேவகர் பாரூக்தான் காட்டினார். நான் பார்த்தேன். அவள் என் பட்டியலுக்கு வெளியே இருந்த ஒருத்திக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்தும், கையொப்பமிட்ட அறிக்கையைத் திருத்தும் நடைமுறையைத்தான் முதலில் யோசித்தேன். பாரூக் நான் சொல்லும் வரை காத்திருக்கவில்லை. இரண்டு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு ஓடினார். அந்த அக்காவை ஒரு சாக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள்.

மலை அன்று இறங்கவில்லை. ஆகவே என் அறிக்கை சரியானதாகவே அலுவலகக் கோவைக்குள் போயிற்று. பட்டியலையும் நான் திருத்தவில்லை. திருத்தினால் காம்பரா போய்விடும் என்று எனக்கு நானே இரக்கக் காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், முதலில் பிழையாக எழுதியவன் நான் என்று பதிவாகிவிடும்.

4

பதிவேட்டு விண்ணப்பம் நான்கு பக்கம். கணினியில் நிரப்பலாம், தபாலிலும் அனுப்பலாம். நான் தபால் கட்சி. முதல் இரண்டு பக்கத்தையும் அழகாக எழுதினேன். மூன்றாம் பக்கம், கேள்வி ஒன்பது: இந்த முகவரியில் எத்தனை பேர் வசிக்கிறார்கள்? கேள்வி பத்து: உதவி தேவைப்படுபவர் எந்தத் தளத்தில் உறங்குகிறார்?

இங்கே நிலக்கீழ்த் தளத்தில் தனி வாசலும் அடுப்பும் வைத்து ஆள் குடியிருப்பதானால் நகரசபை அனுமதி வேண்டும். தீ எச்சரிக்கைக் கருவி, தடித்த கதவு, ஓர் ஆள் வெளியேறக்கூடிய அளவுக்கு ஜன்னல். எங்கள் ஜன்னல் பூனை வெளியேறக்கூடிய அளவு. மருமகன் வீட்டை வாங்கிய வருடம், தவணை கட்டுவதற்காகத் தெரிந்த ஒருவரை வைத்து அடுப்பும் குளியலறையும் போட்டு, நாங்கள் வரும் வரை இரண்டு மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அனுமதி எடுக்கவில்லை. பிடித்தால் தண்டம், அதோடு எல்லாவற்றையும் இடித்துப் பழையபடி ஆக்க வேண்டும்.

கோகிலாவிடம் விண்ணப்பத்தைக் காட்டினேன். வேலை உடுப்போடு சமையலறையில் நின்றபடியே வாசித்தாள். பத்தாம் கேள்வியில் நின்றாள்.

“பேஸ்மென்ட்னு எழுதியிருக்கீங்க.”

“பேஸ்மென்ட்லதானே இருக்கா.”

“மேல் மாடின்னு எழுதுங்கப்பா. யாரு வந்து பாக்கப் போறா?”

“நெருப்புப் படை வந்து பாக்கும். மேல் மாடியில தேடுவாங்க. கீழ உங்கம்மா கெடப்பா.”

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். கத்தவில்லை. மிகவும் களைத்த குரலில், மருமகனுக்கு வேலை நிரந்தரமில்லை என்றாள். ஒரு பரிசோதகர் வந்து கதவைத் தட்டினால் இந்த வீடு கையில் நிற்காது என்றாள். கடைசியாகத்தான் அதைச் சொன்னாள்.

“அந்த பிளான்ட் ஒடையாதுப்பா. அம்பது வருஷமா ஒடையல. ஆனா இது ஒடையும். நிச்சயமா ஒடையும்.”

மகள் சொன்னதில் தர்க்கப் பிழை இல்லை. ஒரு தோட்டத்துப் பெண்ணிடமும் இதே தர்க்கத்தை நான் ஒருமுறை கேட்டிருந்தேன். அன்று என் கையில் விரிவுரை இருந்தது. இப்போது இல்லை.

கோகிலாவுக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கலாம். தபால் பெட்டி தெருமுனையிலேயே இருக்கிறது. ஆனால் வீடு அவளுடையது. விண்ணப்பத்தை உறையில் போட்டு, ஒட்டாமல், மேலே சமையலறை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கீழ்த்தளம் என்பதை மாற்றவில்லை. “அனுப்புறதும் கிழிக்கிறதும் ஒன் இஷ்டம்” என்று மட்டும் சொன்னேன். பெருந்தன்மை மாதிரித்தான் தோன்றும். பாரத்தை அவள் தலையில் இறக்கிவைத்தேன் என்பதுதான் சரி.

5

உறை மூன்று கிழமை அந்த மேசையிலேயே கிடந்தது. பழத்தட்டை அதன் மேல் வைத்தார்கள், எடுத்தார்கள். கோகிலா எங்களுக்குச் சாப்பாடு இறக்கும்போது வேண்டிய சொற்களை மட்டும் பேசினாள். பரமு ஒருநாள் என்னிடம், “உங்களுக்கு எல்லா ஃபாரமும் தெரியும், மனுசனத் தெரியாது” என்றாள். நாற்பத்தாறு வருடத்தில் அவள் தந்த பரீட்சைப் பெறுபேறுகளில் இது நடுத்தரமானது.

ஒரு சனிக்கிழமை தயாபரன் தன் கூட்டாளி ஒருவரோடு கீழே வந்தார். என்னுடன் அதிகம் பேசாத மனிதர். மரியாதையும் கூச்சமும் கலந்த ஒரு தூரம் எங்களுக்கு இடையே எப்போதும் உண்டு.

“மாமா, அத்தையோட கட்டில மேல கொண்டுபோறோம்,” என்றார். “ஹோல்ல போட்டுருவம். எழுதுறது உண்மையா இருக்கட்டும்.”

கட்டிலைக் கழற்றி, பதின்மூன்று படியும் ஏற்றி, அவர்களுடைய ஒரே வரவேற்பறையில் பொருத்தினார்கள். சோபாவை விற்றார்கள். பரமுவையும் இரண்டு பேரும் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். அவள் சிரித்துக்கொண்டே போனாள், ஊர்வலம் போகிறவளைப் போல. என் கண்ணில் நீர் வந்தது. தூசி என்றேன்.

மேலே இரண்டு படுக்கையறைகள்தான். ஒன்று அவர்களுடையது, மற்றது பேத்தியுடையது. வரவேற்பறையில் இன்னொரு கட்டிலுக்கு இடமில்லை. ஆகவே நான் கீழே இருந்தேன்.

அன்று பின்னேரம் கோகிலா பழைய விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக நிரப்பினாள். தளம்: தரைத்தளம். அம்மாவின் கட்டைவிரல் அடையாளத்தை வாங்கினாள். “நானே போஸ்ட் பண்றேன்ப்பா, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க” என்றாள். வாசித்துப் பார்க்கிறேன் என்று நான் கையை நீட்டவில்லை. வாழ்க்கையில் ஒரு விண்ணப்பத்தைச் சரிபார்க்காமல் விட்டது அதுதான் முதல் முறை. அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் மாதம் போட்ட கடிதம். முப்பது நாள் ஜூலையில் முடிந்தது. பதில் இல்லை.

6

நினைவூட்டல் அனுப்புவது என் உரிமை. ‘தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட விண்ணப்பம் தொடர்பானது’ என்று தொடங்கி, ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்’ என்பதைக் கச்சேரி, அதாவது அரசாங்கக் கந்தோர், ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன். பதில் வராமல் தொலைபேசியில் அழைத்தபோது ஒரு இளம்பெண் கடிதத்தைக் கண்டுபிடித்து, மிகுந்த மரியாதையோடு, என்ன ஆவன என்று கேட்டாள். அந்தச் சொற்றொடரை நூற்றுக்கணக்கான கடிதங்களில் எழுதியிருக்கிறேன். ஒருவரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. அலுவலகத்தில் பணியாளர் மாற்றம் நடக்கிறது, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்றாள். இரண்டாம் நினைவூட்டலுக்கும் அதே வருத்தம்தான் கிடைத்தது.

என் நாட்கள் இப்போது நேர அட்டவணைப்படி போகின்றன. காலை எல்லோரும் போன பிறகு மேலே போவேன். பரமுவுக்குக் கஞ்சி, மருந்து, காலுக்கு எண்ணெய். தயாபரனுக்கு இரவு முறை என்றால் பகலில் அவர் பக்கத்து அறையில் உறங்குவார். கிசுகிசுத்துப் பேச வேண்டும். பின்னேரம் பேத்தி வந்துவிடுவாள். அவள் நல்ல பிள்ளை. பாட்டியின் காலடியில் உட்கார்ந்து பாட்டிக்குப் புரியாத ஏதோ ஒன்றைக் கைத்தொலைபேசியில் காட்டிச் சிரிப்பாள். பாட்டியும் சிரிப்பாள். நான் வந்தால் தமிழில் “சாப்டீங்களா தாத்தா” என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அவளிடம் உள்ள தமிழ் அத்தோடு தீர்ந்துவிடும். என்னிடமும் அவளுக்குச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கீழே இறங்கிவிடுவேன்.

கம்பளத்தில் கட்டில் கால்கள் பதிந்த நான்கு குழிகள் இருக்கின்றன. மாத்தளை வீட்டில், பரமு காலையில் நாலந்தா பஸ் பிடிக்கப் போனால், தம்புள்ளை மரக்கறி லொறிகளுக்கு நடுவே அந்த பஸ் ஒழுங்காகப் போய்ச் சேருமா என்று பின்னேரம் வரை கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அப்போது எங்களுக்கு இடையே இருபது கிலோமீற்றருக்கு மேல். இப்போது பதின்மூன்று படி. அவள் மேலிருந்து தொலைபேசியில் கூப்பிடுகிறாள். “என்னங்க, முழிச்சிருக்கீங்களா?” என்கிறாள். “ஆமா” என்கிறேன். மேலே அவள் இருமுவது முதலில் கூரையால் கேட்கும், பிறகு தொலைபேசியால் கேட்கும்.

செப்டெம்பரில் ஒருநாள் பாரூக்குக்கு அழைப்பெடுத்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். உக்குவளைப் பக்கம் மிளகுத் தோட்டம் பார்க்கிறார். நலம் விசாரித்து முடித்து, அந்த லயத்தைப் பற்றிக் கேட்டேன்.

அந்த லயம் இப்போது இல்லை என்றார். போன மழைக்குப் பிறகு எல்லோருக்கும் வேறு இடத்தில் வீடு கொடுத்தார்களாம். பட்டியலில் இருந்த குடும்பங்களுக்கு.

“அந்தக் கால் நடக்க முடியாத அக்கா?” என்றேன்.

“எந்த அக்கா சேர்?” என்றார். “ஆ, சாக்குல தூக்கின மனுசியா? தெரியாது சேர். லிஸ்டுல இல்லாத ஆள நான் எங்க போய்த் தேடுற?”

குற்றம் சாட்டும் குரல் இல்லை. நடைமுறையைச் சொன்னார். பிறகு மிளகு விலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம்.

7

பதில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வீட்டில் நானும் பரமுவும்தான். உறையில் கோகிலாவின் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பிரித்தேன். பரமுவின் கட்டிலருகே நின்று வாசித்தேன்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டுள்ளது. மேற்படி முகவரியில் வசிக்கும் பரமேஸ்வரி என்பவர் பதிவேட்டில் சேர்க்கப்பட்டுள்ளார். இடம்: தரைத்தளம், முன் அறை. வெளியேற்ற உத்தரவு வந்தால் தூக்குப்படுக்கை வசதியுள்ள வாகனம் அனுப்பப்படும். தாமதத்துக்கு வருந்துகிறோம்.

“வந்துருச்சா?” என்றாள் பரமு.

“வந்துருச்சு. நீ இப்ப அரசாங்கத்துச் சாமான்.”

சிரித்தாள். ஐந்து மாதமாக அவளும் இதற்காகக் காத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “அப்ப இனிமே நீங்க என்னையத் தூக்க வேணாம்,” என்றாள்.

இரண்டாம் பக்கத்தில் அவர்கள் பதிந்துள்ள விபரங்கள் இருந்தன. பிழை இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் அறிவிக்கவும் என்று அடியில் குறிப்பு. இந்த முகவரியில் வசிப்போர்: நான்கு. பெயர்களும் இருந்தன. கோகிலா, தயாபரன், பேத்தி, பரமேஸ்வரி.

மறுபடியும் எண்ணினேன். நான்குதான்.

மேலே இரண்டு படுக்கையறை, முன் அறையில் ஒரு கட்டில். ஐந்து என்று எழுதினால் ஐந்தாவது ஆள் எங்கே படுக்கிறார் என்று கேள்வி வரும். கோகிலா இதை எழுதும்போது பேனா எந்த இடத்தில் நின்றிருக்கும், எவ்வளவு நேரம் நின்றிருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். நானே தபாலில் போடுகிறேன் என்று அவள் ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னாள் என்பதையும்.

“வேற என்ன போட்டிருக்கு?” என்றாள் பரமு.

“ஒண்ணுமில்ல. வெபரம் சரியான்னு கேக்குறாங்க.”

“சரியா இருக்கா?”

“சரியா இருக்கு,” என்றேன்.

அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடிதத்தோடு கீழே இறங்கினேன். திருத்தம் கோரும் கடிதத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுதவில்லை. எனக்குக் கால் இருக்கிறது, மூன்று படிக்காவது. மேசையில் உட்கார்ந்து, கோவையில் இடுவதற்கு முன், அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் செய்தது போல, மேல் வலது மூலையில் சிவப்புப் பேனாவால் சுருக்கொப்பம் இட்டு, அதன் கீழ் எழுதினேன்:

கிடைத்தது, நவம்பர் 18.